லூர்து பங்கும் அதைச் சேர்ந்த சகலமும்

மாமு,

கடை மாடியில் புது மை வாசனை அடிக்கிறது. தார்ப்பாயும் நைலான் கயிறும் மண்ணெண்ணெயும் கலந்த நம் பழைய வாசனை உனக்குத் தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டே படியேறி வருவாய், "இன்னா பாய், ஹார்பரையே வூட்டுக்குள்ள வச்சிகினு கீற" என்பாய். அதையும் மீறி அடிக்கிறது இது. மழைக்கு முன்னால் கூரியரில் வந்த அட்டைப் பெட்டி ஒன்று தார்ப்பாய்க் கட்டின் மேல் இன்னும் திறந்தே கிடக்கிறது. அதைப் பிரித்த அன்று முதலில் வந்தது இந்த வாசனை. அடுத்து வந்தது உன் அப்பா.

வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பெட்டிக்குள் வழவழப்பான ஆட்ட அட்டைகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்ததில் ஒரு பேய். தலையெல்லாம் கடல்பாசி, கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு குழி, கையை நீட்டி எதையோ கேட்கிறது. கீழே கொட்டை எழுத்தில் "லூர்து". அதற்கும் கீழே, "கடலில் மாண்டவன். ஒவ்வொரு சுற்றிலும் தன் பங்கைக் கேட்டு வருவான். கொடுக்காவிட்டால் உங்களில் ஒருவரை இழுத்துப் போவான்."

அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். கடையில் யாருமே இல்லை, ஆனாலும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று படபடப்பாக இருந்தது. யாராவது என்றால் வேறு யார், உன் அம்மாதான்.

பெட்டியோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. வேறு ஊரில் இப்படிப் பெட்டி ஆட்டங்கள் தயாரித்து விற்கிற ஒரு நிறுவனம். மிக மரியாதையான கடிதம். உங்கள் ஆட்டத்தின் திறந்த உரிமத்தை நம்பி இன்னின்னதை எடுத்தாண்டிருக்கிறோம், இது மாதிரிப் பிரதி, அச்சுக்குப் போகுமுன் உங்கள் பார்வைக்கு அனுப்புகிறோம், மிக்க நன்றி. தப்பாக ஒரு சொல் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். நீ எழுதிய அந்த ஒரு பக்கத்தையும் நகலெடுத்து, ஒரு வரிக்கு மஞ்சள் அடித்துச் சேர்த்திருந்தார்கள்.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள். நீ இருந்தபோதும் நான் அப்படித்தானே.

நீ ராயபுரத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாய். நான் அத்தாவின் கடையில் படகுக்காரர்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்றுக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ உனக்கு அந்தக் கதை ஆட்டப் பைத்தியம் பிடித்து, எனக்கும் தொற்றவைத்தாய். காய் நகர்த்துவது கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், என்ன நடக்கும் என்று தெரியாத இடத்தில் பகடை உருட்டுவார்கள். வெளிநாட்டு ஆட்டங்களில் டிராகனும் கோட்டையும் வரும். கொஞ்ச நாள் ஆடிவிட்டு நீ சலித்துப்போனாய். "டிராகன நான் எங்க பாய் பாத்தேன்? பொறந்ததுலேந்து எண்ணூர் பொகையத்தான் பாத்துகினு கீறேன்" என்றாய். அப்படித் தொடங்கியதுதான் நம் "முகத்துவாரம்".

எண்ணூர்க் கழிமுகத்து ஓரம் ஒரு குப்பம். சுற்றிலும் அனல் மின்நிலையச் சாம்பல் குழாய்கள், கன்டெய்னர் லாரிகள். ஆடுகிறவர்கள் அந்தக் குப்பத்து ஆட்கள். கணக்கும் விதியும் என் வேலை, ஆட்களும் பேச்சும் உன் வேலை. மீனுக்குப் பதிலாக, கடையில் மிஞ்சும் பச்சை நைலான் கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, பிரியாமல் இருக்க நுனியை நெருப்பில் காட்டி வைத்தோம். விம்கோ நகரிலிருந்து இரண்டு நண்பர்கள் வந்து, நாம் விதியை வாரம் ஒருமுறை மாற்றினாலும் முகம் சுளிக்காமல் ஆடிக்கொடுத்தார்கள்.

கடலுக்குப் போன பாத்திரம் திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு விதி வேண்டியிருந்தது. நான் எளிதாக ஒன்று எழுதியிருந்தேன். பகடையில் இன்ன எண் விழுந்தால் ஆள் காலி, ஆட்டக்காரர் புது ஆளை எழுதிக்கொள்ளலாம். நீ அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"செத்தான்னு யாரு சொல்றது?"

"பகடை சொல்லுது."

"பகட பொணத்த பாத்துச்சா பாய்?"

அன்றுதான் உன் அப்பாவைப் பற்றி முழுதாகச் சொன்னாய். அதுவரை அவர் இறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன், எல்லாரையும் போல. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த சமயம். காசிமேட்டிலிருந்து போன பைபர் படகு முகத்துவாரத்துக்கு அருகே அலையில் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். லூர்து வரவில்லை, உடலும் எங்கும் ஒதுங்கவில்லை. ஆன்மா இளைப்பாறப் பூசை வைக்கலாம் என்று மாதா கோயில் சாமியாரே வீடு தேடி வந்து சொல்லியும் உன் அம்மா ஒப்பவில்லை. "கண்ணால பாக்காம எப்புடி சாமி?" என்றாராம். படகுக்காரர்கள் அந்தப் பேச்சுக்குக் கட்டுப்பட்டார்கள். கரையில் மீனைப் பங்கு பிரிக்கும்போதெல்லாம் வராத ஆளுக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்து உங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். உனக்கு மீசை முளைத்து நீ வேலைக்குப் போகும்வரை அனுப்பினார்கள். "அந்த பங்கத் துன்னுதான் நான் வளந்தேன் பாய்" என்றாய். நான் என் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

பிறகு நீ சொல்லச் சொல்ல எழுதினேன். காணாமல் போன ஆளைச் செத்ததாக மேசையில் யாரும் அறிவிக்கக் கூடாது. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் அவருக்கு ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும். மீன் கிடைக்காத நாளிலும் வைக்க வேண்டும். தலைப்பு "லூர்து பங்கு". கணக்குப்படி பார்த்தால் படுமோசமான விதி, மிச்சம் இருக்கிறவர்களைப் பட்டினி போட்டுவிடும். நான் அதைச் சொல்லவும் செய்தேன். ஆனால் முதல்முறை ஆடிப் பார்த்த அன்று, அந்தப் பச்சைத் துண்டைத் தனியே எடுத்து வைத்ததும், விம்கோ நகர் நண்பர்களில் ஒருவன் எழுந்து கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தான்.

இன்னொன்றும் சொன்னாய். வீடு அப்பாவின் பேரில் இருந்தது. ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லாத ஆளை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, சான்றிதழ் வாங்கினால் வீட்டை மாற்றி எழுதலாம் என்று நீயே அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாய். "சட்டத்துக்கு செத்துருக்கலான்டா. எனுக்கு சாவல" என்று சொல்லிவிட்டு மீன் கழுவ உட்கார்ந்துவிட்டார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வாரிசுப் பத்திரம் தட்டச்சு செய்தவன், உன் வீட்டுப் பத்திரத்தைக் கடைசிவரை தொடவில்லை.

ஆட்டம் ஒரு வடிவத்துக்கு வந்ததும் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடலாம் என்றோம். மற்ற கரைக்காரர்களும் எடுத்துத் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளட்டும் என்பது உன் ஆசை. அதற்கு ஓர் உரிமம் வேண்டும். வெளிநாட்டு ஆட்டங்களின் திறந்த உரிமங்களை இறக்கிப் படித்தோம். எல்லாமே இரண்டு பாதி: இதையெல்லாம் யாரும் எடுக்கலாம், இதையெல்லாம் எங்களுக்கு விட்டுவிட வேண்டும். எது எந்தப் பாதி என்பதில்தான் அடிதடி. ஒரு மந்திரத்தின் பேர் விதியா கதையா, ஒரு பூதத்துக்கு எத்தனை கண் என்பது கணக்கா கற்பனையா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். நீ படித்துவிட்டுச் சிரித்தாய். "கெரயப் பத்திரம்தான் பாய். ஆனா செக்குபந்தி இல்லாத பத்திரம்." வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்ன தெரு என்று மனைக்கு நான்கு எல்லையும் சொல்கிற பகுதிக்கு உங்கள் தொழிலில் அந்தப் பேர். "நம்மள்துக்கு நான் போடறேன் பாரு எல்ல. ஒருத்தனும் உள்ள பூர முடியாது."

சவடால் விட்டுப் போனவன் மறுவாரம் ஒரு பக்கம் கொண்டுவந்தாய். இரண்டே பத்தி.

"திறந்த பகுதி என்பது ஆட்டத்தின் விதிகளும் அவற்றைச் சேர்ந்த சகலமும் ஆகும். இதை யாரும் எடுத்தாளலாம், மாற்றலாம், விற்கலாம்.

ஒதுக்கிய பகுதி என்பது ஆட்டத்தில் வரும் ஆட்களின் பேர்களும் ஊர்ப் பேர்களும் அவற்றைச் சேர்ந்த சகலமும் ஆகும். இதை எங்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது."

பத்திரம் எழுதுகிற இடத்தில் வேலை பார்ப்பவனுக்கு அந்தச் சொற்கள் கையோடு வந்துவிடும். மனையும் அதைச் சேர்ந்த சகலமும் என்றால் கிணறு, மரம், நடைபாதை எல்லாம் அதில் அடங்கிவிடும். விற்கிற பத்திரத்தில் ஒருமுறை வந்தால் சரி. நீ இரண்டு பக்க எல்லையிலும் அதையே போட்டுவிட்டாய், நடுச்சுவரை இந்த வீட்டுக்காரருக்கும் எழுதி, பக்கத்து வீட்டுக்காரருக்கும் எழுதிக் கொடுத்த மாதிரி.

"அப்போ லூர்து பங்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"விதின்னா தொறந்தது. பேருன்னா ஒதுக்குனது." தலையைச் சொறிந்தாய். "அதுல ரெண்டுங் கீதே."

"அதான் கேக்கறேன்."

"வுடு பாய். எவனாவது வந்து கேட்டா அப்போ சொல்லிக்கலாம். நான் கீறேன்ல?"

அது ஒரு நல்ல பதிலாகத்தான் இருவருக்கும் பட்டது. அப்படியே போட்டுவிட்டோம்.

முதலில் கேட்டவர்கள் தூத்துக்குடிக் கல்லூரிப் பெண்கள் சிலர். உன்னிடம் ஒரு பேச்சுக் கேட்டுவிட்டு விதியை மட்டும் எடுத்தார்கள், உன் அப்பா பேரை விட்டுவிட்டுத் தங்கள் கரையில் காணாமல் போன ஒருவரின் பேரை வைத்தார்கள். அவர்கள் ஆட்டத்தைப் படித்துவிட்டு, "கரெக்டா பண்ணிக்கீறாங்க பாய், எல்லைய தாண்டல" என்று பெருமையாகச் சொன்னாய். படியிறங்கும்போது நின்று, திரும்பிப் பார்க்காமல், "அப்பா பேரையும் ஒரு ஓரத்துல வச்சிகினு இருந்துருக்கலாம்" என்றாய். நான் ஏதோ கணக்கில் இருந்தேன், ம் என்றேன். அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

அடுத்த மழையில் நீ போய்விட்டாய். எண்ணூர் நெடுஞ்சாலை, கன்டெய்னர் லாரி. அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆஸ்பத்திரியில் உன்னை அடையாளம் காட்ட ஆள் கூப்பிட்டார்கள். நான் போகிறேன் என்றேன். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தனியாக உள்ளே போனார். திரும்பி வந்து, "அவன்தான்" என்றார். அழவில்லை. காசிமேட்டுக் கல்லறையில் எங்கள் வழக்கப்படி மூன்று கைப்பிடி மண் போட்டேன். ஒருவரும் தடுக்கவில்லை.

பெட்டி வந்த மறுநாள் அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தது கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சுள்ள ஒரு பெண். சண்டை போடத் தயாராகத்தான் ஆரம்பித்தேன், அவர் விடவில்லை.

"சார், நாங்க திருடலீங்க. விதியோட தலைப்புலயே பேர் இருக்குதுங்க. விதிக்குள்ளயும் 'லூர்துக்கு ஒரு பங்கு'ன்னு இருக்குதுங்க. அப்ப அந்தப் பேரு விதியைச் சேர்ந்ததுதானுங்களே? அதை எடுத்துட்டா வெறும் கழித்தல் கணக்குதாங்க மிச்சம்."

நல்ல வாதம். வேறு யாருடைய அப்பாவாகவாவது இருந்திருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். பேர் ஒதுக்கிய பகுதி, இரண்டாம் பத்தியைப் படியுங்கள் என்றேன். முதல் பத்தி முதலில்தானே வருகிறது என்றார். இப்படியே கொஞ்ச நேரம் போனது. கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

"இதை எழுதினவரு என்ன நினைச்சு எழுதினாருன்னு சொல்லுங்க சார். அவர் ஒதுக்கினதுதான்னா நாங்க எடுத்துடறோங்க."

ஒரு வார்த்தை போதும், மாமு. ஒதுக்கியதுதான் என்று நினைத்து எழுதினான் என்று சொன்னால் முடிந்தது. சரிபார்க்க யாராலும் முடியாது. ஆனால் நீ படியில் நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. நீ எல்லை போட்டதும் உண்மை, அந்த எல்லைக்கு வெளியே உன் அப்பா பேர் போகவேண்டும் என்று ஆசைப்பட்டதும் உண்மை. இதில் எதை உன் நினைப்பு என்று சொல்வேன்? கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டு என்று அந்தப் பெண் கேட்கவில்லை.

கடைக்கு வருகிற வக்கீல் ஒருவரிடம் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "குழப்பமா எழுதினா, எழுதினவனுக்கு எதிராத்தான் பாய் படிப்பாங்க. வழக்கம் அது."

"அவன் செத்துட்டான் சார்."

"செத்தாலும் எழுத்து அவனுதுதானே?"

அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உன்னிடம் ஒரு பகடைக்காயைக்கூடத் தோற்க விரும்பாதவன் நான். ஆனால் உன் வாக்கியத்தை உனக்கு எதிராகப் படிப்பார்கள், நீ எழுந்து ஒரு சொல் சொல்ல முடியாது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அம்மாவிடம் சொல்லாமல் முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பெட்டி ஊரெல்லாம் விற்பனைக்கு வந்தபிறகு வேறு யாராவது காட்டினால் அது இன்னும் கேவலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்திருப்பார் என்று பார்த்துப் போனேன். முட்டி வலியால் மீன் விற்பதை நிறுத்திவிட்டார். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வா நைனா, குந்து" என்றார். பெட்டியைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஆட்டம், உரிமம், வேறு ஊர்க்காரர்கள் என்று சுற்றி வளைத்தேன். அவருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா வச்சிகினு கீற பைல? குடு இப்புடி" என்று வாங்கிக்கொண்டார்.

அட்டையைக் கையில் எடுத்து, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"லூர்துன்னு போட்டுக்கீது."

"ஆமாம்மா."

"மூஞ்சி கலீஜா கீதே. அவரு இப்புடியா இருப்பாரு?"

கீழே இருந்த வரியை விரலை வைத்து மெதுவாகப் படித்தார். "மாண்டவன்" என்ற இடத்தில் விரல் நின்றது.

"செத்துட்டார்னு போட்டுக்கீறானா?"

தலையாட்டினேன்.

"எவன் பாத்தான்?"

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "பேர எடுக்கச் சொல்லிடறேம்மா. கொஞ்சம் சண்ட போடணும், போடறேன். உங்க புள்ள எழுதிவச்சதுலயே அதுக்கு எடம் இருக்கு" என்றேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "பேர ஏன் நைனா எடுக்கற?"

"இப்புடிப் போட்டிருக்காங்களேம்மா."

"இந்த பெட்டி எத்தினி போடுவானுங்க?"

"நெறைய போடுவாங்க."

"எங்கெங்க போவும்?"

"எல்லா ஊருக்கும் போவும். வெளிநாட்டுக்குக்கூட."

அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். ஒரு லாரி பின்பக்கமாக வந்து சந்து முனையை அடைத்துக்கொண்டு நின்றது. அது போனதும் என் பக்கம் திரும்பினார்.

"அப்போ பேரு போவட்டும். இந்த பேய மட்டும் எடுத்துட்டு, அவரு எப்புடி இருப்பாருன்னு கரெக்டா போடச் சொல்லு. எந்த ஊருல எவன் கண்ணுல படுவாரோ, யாருக்குத் தெரியும்?"

எத்தனை சாயங்காலம் நாம் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், எது போகலாம் எது போகக் கூடாது என்று. அவருக்கு அந்தக் கேள்வியே இல்லை. பேர் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போக வேண்டும். காணவில்லை என்று ஒட்டுகிற அறிவிப்பை யாராவது வீட்டுக்குள் ஒதுக்கி வைப்பார்களா?

அடையாளம் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு. சிரித்தால் ஒரு பல் மேலே ஏறித் தெரியும். வலது காது மந்தம், பேர் சொல்லி இரண்டு தரம் கூப்பிட வேண்டும். நான் எழுந்தபிறகு கூப்பிட்டு இன்னொன்றும் சேர்க்கச் சொன்னார். "இப்போ தல நரச்சிருக்கும். அத்தையும் போடு."

கடைக்கு வந்து நிறுவனத்துக்குப் பதில் எழுதினேன். நீ சொல்ல, நான் எழுதிப் பழகியவன். தனியாக எழுத நிறைய நேரம் பிடித்தது. லூர்து என்ற பேரும் லூர்து பங்கு என்ற விதியும் ஒன்றை ஒன்று சேர்ந்தவை, எங்கள் உரிமம் இரண்டு பக்கமும் அதையே சொல்கிறது என்று எழுதினேன். வீட்டை வாங்குகிறவருக்கு வாசலுக்குப் போகும் நடையும் கூட வருகிறது, அதுபோலப் பேரை எடுத்தால் விதி முழுவதும் கூட வரும். விதியின் முதல் வரி, காணாமல் போனவரைச் செத்ததாக யாரும் அறிவிக்கக் கூடாது என்பது. உங்கள் அட்டை அறிவிக்கிறது. ஆகவே பேரை வைத்துக்கொள்ளுங்கள், பேயை எடுத்துவிடுங்கள். எழுதியவர் நினைத்தது இதுதான் என்று நான் சொல்லமாட்டேன், அவரைக் கேட்க வழியில்லை, இது என் வாசிப்பு, இதற்கு நான் பொறுப்பு என்றும் கீழே சேர்த்தேன். அம்மா சொன்ன அடையாளங்களை இணைத்து அனுப்பினேன்.

பதில் வரச் சில நாள் ஆனது. அந்தப் பெண்ணே கூப்பிட்டார். "பேய் இல்லாட்டி அட்டை விக்காதுன்னு இங்க சொல்றாங்க சார்" என்று தொடங்கினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க மாமா ஒருத்தர் வேலைக்குப் போறேன்னு வடக்கே போனவருங்க" என்றார். "அந்தம்மா சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம போட்டுக்கலாங்களா?"

புது அட்டையின் படம் அனுப்பியிருக்கிறார்கள். நரைத்த தலையோடு ஒருவர் கடற்கரையில் நடந்து போகிறார், யாரோ இரண்டாம் தரம் கூப்பிட்டதும் திரும்புகிற மாதிரி. புருவத்தில் தழும்பு இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "காது இவ்ளோ பெர்சா இருக்காது" என்றார். மற்றபடி குறை சொல்லவில்லை.

நீ நினைத்தது இதுதானா மாமு? எனக்குத் தெரியாது. யோசிக்காமல் பழக்க தோஷத்தில் இரண்டு பத்தியிலும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டாய் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நான் அதில் ஒரு கருத்தைக் கண்டுபிடித்து உன் தலையில் கட்டிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. நீ இருந்தால் "இன்னா பாய், நானே நெனக்காதத எல்லாம் எழுதி வச்சிகினு கீற" என்று கேலி பண்ணியிருப்பாய். அந்தக் கேலி இல்லாமல் எனக்கு எதுவும் சரியா தப்பா என்று தெரிவதில்லை. நாளைக்கு நாகப்பட்டினத்திலிருந்தோ எங்கிருந்தோ யாராவது வேறொரு விதியைக் காட்டி இது எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். நான்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உன் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக என்னுடையதாகிவிடும். அதை நினைத்தால்தான் உண்மையிலேயே துக்கமாக இருக்கிறது.

அச்சுக்குப் போகுமுன் அந்தப் பெண் கடைசியாக ஒன்று கேட்டார். பெட்டியின் பின்பக்கம் மூல ஆட்டத்தை உருவாக்கியவர்கள் என்று நம் இருவர் பேரும் வருகிறது. உன் பேருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடுவதுதான் வழக்கம், போடலாமா என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவைக் கேட்காமல் எப்படி? ஆனால் கேட்கவும் எனக்குத் துணிவில்லை. அந்தச் சொல்லைக் கணவருக்குப் போட விடாமல் சாமியாரையும் சட்டத்தையும் திருப்பி அனுப்பியவரிடம், மகனுக்குப் போடட்டுமா என்று எந்த வாயால் கேட்பது?

கல்லறைத் திருநாள் வந்தது. உன் அப்பாவுக்காக ஒரு வருடமும் கல்லறை வாசலை மிதிக்காத அம்மா, உனக்காகப் பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். காசிமேட்டுக் கல்லறையில் நிற்க இடமில்லை. உட்கார முடியாத முட்டியை மடக்கி உட்கார்ந்து, சிலுவையைத் துடைத்து, சாமந்தியைக் கிள்ளிக் கிள்ளி ஓரத்தில் வைத்தார். பக்கத்தில் மண்டியிட்டு, அப்போதுதான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை.

அவர் பூ வைப்பதை நிறுத்தவில்லை.

"போடு நைனா" என்றார். "இவன நான் பாத்தேன்."

அன்று சாயங்காலம் கடை மாடியில் உட்கார்ந்து பதில் எழுதினேன். உன் பேரைத் தட்டச்சு செய்தேன். அதற்கு முன்னால் அந்தச் சொல்லையும் என் கையாலேயே தட்டச்சு செய்தேன். எங்காவது எழுத்துப் பிழை இருக்கும், அதைச் சாக்கிட்டு இன்று அனுப்பாமல் இருக்கலாம் என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, மாமு.